துண்டுக்குள் ஐந்தாம் மாடி

அத்தியாயம் ஒன்பது

கடனுக்குப் பயந்து ஒளிந்தவன் டீ குடித்துவிட்டு போனில் பணம் கட்டக் கூடாது. கோபிநாத் கட்டியிருந்தான். ஜிஜி டீ ஸ்டால், இருபத்து நான்கு ரூபாய்.

வங்கிக் கணக்கு கணவன் மனைவி இருவர் பேரிலும் இருந்தது. செய்தி கொழிஞ்சாம்பாறையில் இருந்த மனைவி தமிழ்ப்ரியாவின் போனுக்குப் போனது. தமிழ்ப்ரியா அதை முருகேஸ்வரியிடம் காட்டினாள். முருகேஸ்வரி செய்தியில் இருந்த எண்ணுக்குப் பேசி, டீக்கடை ஆனைக்கரையில் இருப்பதைத் தெரிந்துகொண்டாள். துப்பறிதல் அவ்வளவுதான். மீதி ஏழு மணி நேரம் கார்ப் பயணம்.

முருகேஸ்வரி எட்டு வருடம் ஒரு தனியார் பைனான்ஸில் கடன் வசூலில் இருந்தவள். ஒளிந்தவர்களைக் கண்டுபிடித்துக் கம்பெனியிடம் கொடுப்பாள். இப்போது கண்டுபிடித்து வீட்டாரிடம் கொடுக்கிறாள். சம்பளம் குறைவு. திட்டு அதைவிடக் குறைவு.

காரை ஓட்டியவன் ஜின்சன். அவளுடைய உதவியாளன். வயது முப்பத்திரண்டு. இடுக்கித் தோட்டத்தில் பிறந்தவன். உடுமலை, பழனி, தேனி, கம்பம் என்று வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வந்தான். குமுளி ஏற்றத்தில் மட்டும் வாயை மூடினான். வளைவு அதிகம்.

ஆனைக்கரையில் இறங்கியபோது பன்னிரண்டே கால். மே மாதம். கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது.

“மூணு மணிக்குக் கடைசி மாடி,” என்றாள் முருகேஸ்வரி. “அந்தக் கடுதாசிய இன்னொருக்கா படி.”

கோபிநாத்தின் சட்டைப் பையிலிருந்து தமிழ்ப்ரியா எடுத்த காகிதம். துவைக்கப் போட்ட சட்டை. ஜின்சன் படித்தான்.

“கடனாளி கோபிநாத்துக்கு. உன் பதினொரு லட்சம் கடனும் இப்போது எங்கள் கையில். ஐந்து மாடி, ஐந்து ஆட்டம். ஒவ்வொரு வெற்றிக்கும் கடனில் ஐந்தில் ஒரு பங்கு கழியும். எந்த மாடியில் தோற்றாலும் தென்னந்தோப்புப் பத்திரம் எங்களுடையது. கடைசி மாடி வியாழன் மூன்று மணி. இப்படிக்கு, கோபுரம்.”

தோப்பு மூன்று ஏக்கர். தமிழ்ப்ரியாவின் பேரில் இருந்தது. கல்யாணத்தின்போது அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. பீரோவில் பத்திரம் இல்லை. கோபிநாத்தும் இல்லை. காலையில் அவள் சொன்னது ஒன்றுதான். “மொதல்ல பத்திரங்க அக்கா. ஆளு அப்பறம் வந்தாலும் செரி.” அப்பா ரத்தினசாமிக்கு இது தெரியக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர் அவர். நான்கு நாளாகப் பழனியில் இருக்கிறாராம். தெரிந்தால் தாங்க மாட்டார்.

“கோபுரம்னா என்ன?” என்று முருகேஸ்வரி கேட்டாள். ஆறாவது முறை.

“கடனாளிக் கோபுரம்க்கா. ஜப்பான்காரன் படம். அனிமே. இருபத்தாறு எபிசோடு. கடன் வாங்கினவனையெல்லாம் ஒரு கோபுரத்துல ஏத்துவாய்ங்க. மாடிக்கு ஒரு சூதாட்டம். தோத்தா கீழ எண்ணெய் ஆலையில செக்கு இழுக்கணும். நடத்துறவன் வெள்ளை முகமூடி. பேச மாட்டான்.”

“கார்ட்டூனு.”

“அனிமே.”

“பொம்மைப் படத்தப் பாத்து ஒருத்தன் பத்திரத்தத் தூக்கிட்டுப் போவானா?”

“போன்ல ரம்மி ஆடிப் பதினொரு லட்சம் விட்ட ஆளுக்கா. பொம்மை எவ்வளவோ தேவல.”

டீக்கடையில் ஜிஜி தனியாக இருந்தாள். நாற்பது வயது. கோபிநாத்தின் படத்தைப் பார்த்தாள். தெரியாது என்றாள். படத்தைப் பார்க்கும் முன்பே தலையை ஆட்டத் தொடங்கியிருந்தாள்.

ஜின்சன் டீயை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றான். எதிர் மேட்டில் ஒரு ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயை உலர்த்தும் கட்டடம். அதன் தகரக் குழாயில் புகை.

“ஏக்கா, இந்த வருசம் மே மாசத்துலயே காய் பறிக்கிறீகளா?”

ஜிஜி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“என்ன சொல்ற?” என்றாள் முருகேஸ்வரி.

“ஆடி வரைக்கும் இங்க பறிப்பே கிடையாதுக்கா. காய் இல்லாம ஸ்டோருக்கு எதுக்கு அடுப்பு? ஒண்ணு, ஓனருக்குக் குளிருது. இல்லன்னா உள்ள பத்துப் பேருக்குச் சோறு வேகுது.”

ஜிஜி கண்ணாடித் தம்ளரைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காய்ங்க,” என்றாள்.

“நீங்க சொல்ல வேண்டாங்க. நான் கேக்கறேன், நீங்க தலையாட்டுங்க. உள்ள சூதாட்டமுங்களா?”

“கூலி வேலைங்க,” என்றாள் ஜிஜி. தலையாட்டுவது அவளுக்குப் போதவில்லை. “மே மாசம் தோட்டத்துல வேலை கிடையாது. ஒரு பெரியவர் வந்தாரு. எட்டு ஆம்பளை வேணும்னாரு. சும்மா ஒக்காந்து கவலையா இருக்கணும். அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எண்ணூறு, மத்தியானம் சோறு.”

“கவலையாவா?”

“கடன்காரவுக மாதிரி. எங்க வீட்டுக்காரர் சிலுவைராஜுக்கு ஆயிரம். அவரு மாதா கோயில்ல வாசகம் வாசிக்கிறவரு. எழுதிக் குடுக்கிறதச் சத்தமா வாசிக்கணும்.”

“அந்தப் பெரியவர் யாருங்க?”

“மூஞ்சியப் பாக்கலைங்க. முகமூடியோடதான் ஜீப்புல இருந்து எறங்கினாரு.”

ஜின்சன் டீயைக் கீழே வைத்தான். “அக்கா, இந்த ஊர்ல எனக்கு வேலை இருக்கு. கவலையா ஒக்காரதுல எனக்குப் பத்து வருச அனுபவம்.”

ஸ்டோர் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. கதவைத் திறந்தவர் சிலுவைராஜ். வெள்ளைச் சட்டை. கையில் காகிதம்.

“கடனாளிகளுக்கு மட்டுமே அனுமதி,” என்று அவர் வாசித்தார். காகிதத்தைப் பார்க்காமலே வாசித்தார்.

“எனக்குக் கடன் இருக்குதுங்க,” என்றாள் முருகேஸ்வரி.

“எவ்வளவு?”

“மூணு மாச சம்பளம்,” என்றான் ஜின்சன். “எனக்குத் தரணும். அதைக் கேட்டுக் கேட்டே நானும் கடனாளி ஆயிட்டேன்.”

சிலுவைராஜ் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். இப்படி வந்தால் என்ன செய்வது என்று பின்புறமும் எழுதியிருக்கவில்லை. வழி விட்டார்.

உள்ளே சூடாக இருந்தது. ஏலக்காய் தட்டுகளை அடுக்கும் சட்டங்கள் காலி. சுவரோரம் எட்டு ஆண்கள் உட்கார்ந்து கவலைப்பட்டார்கள். ஒருவர் நன்றாகச் செய்தார். மற்றவர்களுக்குத் தூக்கம். நடுவில் ஒரு மேசை. அதன் மேல் பச்சைக் கரை போட்ட துண்டு. மேசையின் ஒரு பக்கம் வெள்ளை முகமூடி அணிந்த ஆள், கறுப்புப் போர்வையோடு. அவர் கைக்கு அருகே உறையில் பத்திரம்.

சுவரில் எடை எழுதும் கரும்பலகை. நான்கு வரிகள்.

மூன்றும் ஒன்றும்: கடனாளி வெற்றி.
ஒன்றும் நான்கும்: கடனாளி வெற்றி.
ஐந்தும் இரண்டும்: கடனாளி வெற்றி.
மூன்றும் இரண்டும்: கடனாளி வெற்றி.

“மொதல் எண் யாருதுங்க?” என்று முருகேஸ்வரி கேட்டாள்.

“கோபுரத்துடையது,” என்றார் சிலுவைராஜ். “துண்டுக்கு அடியில் இருவரும் விரல் காட்டுவர். துண்டை எடுக்கும் முன் கடனாளி கூட்டுத்தொகை ஒற்றையா இரட்டையா எனச் சொல்லுவார். சரியென்றால் கடனாளிக்கு வெற்றி.”

“நாலுக்கு நாலு ஜெயிச்சிருக்கான்,” என்றான் ஜின்சன் மெதுவாக. “அனிமேல ஹீரோவே ரெண்டாவது மாடில தோத்துருவான்க்கா.”

மூன்று மணிக்குப் பின்கதவு வழியாகக் கோபிநாத் வந்தான். முப்பத்து மூன்று வயது. நான்கு நாள் தாடி. லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான். வாயில் சிகரெட். எட்டு கடனாளிகளையும் அப்படியே கடந்து வந்தான். முகமூடியைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். லுங்கியை அவிழ்த்து இறக்கி விட்டான். பிறகு உட்கார்ந்தான், நாற்காலியின் நுனியில்.

முருகேஸ்வரி அதைப் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பிச் செருப்புகளையும் பார்த்தாள்.

“ஜின்சா. அந்தப் படத்துல, ஆட்டத்துக்கு முன்னால துணிய யாராச்சும் சோதிக்கலாமா?”

“பத்தொம்பதாவது எபிசோடு. எந்தக் கடனாளியும் கேட்கலாம். மறுத்தா ஆட்டம் செல்லாது.”

அவன் இதைச் சத்தமாகச் சொன்னான். முகமூடி சற்று யோசித்தது. பிறகு தலையை அசைத்தது. அவரும் பத்தொன்பதாவது எபிசோடைப் பார்த்திருந்தார்.

முருகேஸ்வரி மேசைக்குப் போனாள். துண்டுக்கு அடியில் கையை விட்டாள். அங்கே இருந்த கை சும்மா இருக்கவில்லை. அவள் விரல்களை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் அவள் உள்ளங்கையில் ஒரு முறை தேய்த்தது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரிந்த பாஷை. அப்பாவோடு மாடு வாங்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போவாள். அங்கே மாட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடிப்பார்கள். பிடித்த விரல் விலை. உள்ளங்கைத் தேய்ப்பு, தரகு தனி.

பழனியில் இருப்பதாகச் சொன்ன ஒருவரின் கை இது.

அவள் இரண்டு விரலைப் பிடித்தாள். அந்தக் கை உதறியது. ஒரு விரலைக் கொடுத்தது. அவள் மறுபடி இரண்டைப் பிடித்தாள். அந்தக் கை மூன்றைக் கொடுத்தது. அவள் விடவில்லை. இரண்டு. இம்முறை அழுத்தினாள். முகமூடிக்குள் மூச்சு கேட்டது.

“என்னக்கா, துணியச் சோதிக்கிறீகளா, சம்பந்தம் பேசுறீகளா?” என்றான் ஜின்சன்.

“ரெண்டுந்தான்.”

கடைசியில் அந்தக் கை அசையாமல் கிடந்தது. சந்தையில் அதற்குச் சரி என்று அர்த்தம். அல்லது யோசிக்கிறேன் என்று. முருகேஸ்வரி கையை எடுத்துக்கொண்டாள்.

“துணி சுத்தமுங்க. ஆடுங்க.”

கோபிநாத் அவளை ஒரு தரம் பார்த்தான். யார் என்று கேட்கவில்லை. ஜெயிக்கப் போகிறவனுக்கு ஆர்வம் குறைவு.

“ஐந்தாம் மாடி,” என்று சிலுவைராஜ் வாசித்தார். குரல் கோயில் கூரையைத் தேடியது. “கடனாளி வென்றால் கடன் முழுதும் அழியும். தோற்றால் தோப்பு கோபுரத்தைச் சேரும்.”

எட்டு பேரில் ஒருவர் பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டு கைகள் துண்டுக்குள் போயின. முகமூடியின் தோள் ஒரு முறை ஏறி இறங்கியது. துணிக்கு அடியில் ஏதோ விரிந்தது, மடங்கியது, மறுபடி விரிந்தது. கோபிநாத்தின் கை அசையவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு. வீட்டில் பீரோவைத் திறந்தபோதும் இதே சிரிப்பு இருந்திருக்கும் என்று முருகேஸ்வரி நினைத்தாள்.

“சொல்லுக, கடனாளியே.”

“ஒத்த,” என்றான் கோபிநாத்.

சிலுவைராஜ் துண்டை எடுத்தார்.

கோபிநாத்தின் கையில் இரண்டு விரல். முகமூடியின் கையிலும் இரண்டு.

“நான்கு,” என்றார் சிலுவைராஜ். “இரட்டை. கடனாளி தோல்வி.”

கோபிநாத் அந்தக் கையையே பார்த்தான். சிரிப்பு இன்னும் போகவில்லை. போக நேரம் கிடைக்கவில்லை.

“அதெப்புடி?” என்றான். “நீங்க ரெட்டப்பட வெக்கவே மாட்டீங்களே, மாமா.”

அடுப்பில் விறகு வெடித்தது. தூங்கிய கடனாளிகள் விழித்துக்கொண்டார்கள். சிலுவைராஜ் காகிதத்தில் தேடினார்.

முகமூடிக்குள்ளிருந்து நான்கு நாளில் முதல் முறையாகக் குரல் வந்தது.

“எப்பத் தெரியும் மாப்ளே?”

முருகேஸ்வரி சொன்னாள்.

“மொதல் நாளேங்க. வாசல்ல உங்க செருப்பு கெடக்குது. இங்க இருக்கறவங்க அல்லாம் ரப்பர் செருப்பு. ஒரு சோடி மட்டும் பொள்ளாச்சித் தோல் செருப்பு.”

“நான் வாங்கிக் குடுத்ததுங்க அது,” என்றான் கோபிநாத். தரையைப் பார்த்தபடி.

“எட்டுப் பேரு முன்னால இவரு லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு, சிகரெட்டோட வந்தாரு. உங்களப் பாத்ததும் சிகரெட்ட மிதிச்சாரு, லுங்கிய எறக்கி உட்டாரு. தோப்பப் புடுங்க வந்தவனுக்கு ஆருங்க லுங்கிய எறக்கி உடுவா? மாமனாருக்குத்தான் உடுவாங்க.”

ஜின்சன் சிரிப்பை டீயைப் போல விழுங்கினான்.

“பலகையப் பாருங்க. மூணு, ஒண்ணு, அஞ்சு, மூணு. நீங்க நாப்பது வருசமா மாட்டு வெலைய ஒத்தப்படைல முடிச்சுப் பழகுன கை. ரெட்டப்பட வெச்சா வெளங்காதுன்னு ஒரு பேரத்தக்கூட முடிச்சிருக்க மாட்டீங்க. இது உங்க மாப்பிள்ளைக்குத் தெரியும். உங்குளுது எப்பவும் ஒத்த. அப்பறம் இவரு தன்ற விரல எண்ணுனாப் போதும்.”

ரத்தினசாமி முகமூடியைக் கழற்றவில்லை. அதற்குள்ளிருந்தே பேசினார்.

“பன்னண்டு கறவ மாடு, டிராக்டரு. வித்து இவரு கடன அடச்சனுங்க. இவருக்குத் தெரியாம. சும்மா அடச்சா மறுபடி ஆடுவாருன்னு பட்டுது. இவரு ஊட்டுல இந்தப் படந்தான் ஓடிட்டே இருக்கும், நானும் பொறத்தால ஒக்காந்து பாப்பேன். மொதல் மாடியிலயே தோக்கடிச்சு, பத்திரத்த வாங்கிப் புள்ளைகிட்டக் குடுத்துட்டு, இவர ஒரு வருசம் இங்க தோட்டத்துக்கு வர்ற சாணி லாரிக்கு லோடு அடிக்க உடலாம்னு இருந்தேன்.”

“நாலு மாடி வரைக்கும் நீங்கதானுங்க லோடு அடிச்சீங்க,” என்றாள் முருகேஸ்வரி.

“ராத்திரி எல்லாம் யோசிச்சனுங்க. எப்புடி ஜெயிக்கறாருன்னு.” குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. “மாப்பிள்ளைக்கு மூளை இல்லைன்னு நெனச்சிருந்தேன்.”

“மூளை இருக்குதுங்க. உங்களுக்கு எதிராத்தான் இருக்குது. இந்த மாடியும் ஜெயிச்சிருந்தா அடுத்த பதினொரு லட்சத்தையும் மாமா கட்டுவாருன்னு தெரிஞ்சிருக்கும். அதுக்கும் பொண்டாட்டி பத்திரந்தான் டிக்கெட்டு.”

கோபிநாத் லுங்கியின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மடித்துக் கட்டலாமா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“மாமா தோத்துப் போறாருன்னு எனக்கும் ஒரு மாதிரித்தானுங்க இருந்துச்சு,” என்றான்.

“எந்த மாடில?” என்று ஜின்சன் கேட்டான்.

“மூணாவதுல.”

“நாலாவதுல சரியாப் போச்சா?”

கோபிநாத் லுங்கி நுனியை விட்டுவிட்டான்.

சிலுவைராஜ் இருமினார். “ஐயா, ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னா நாளைக்கு நாங்க வரணுமா?”

எட்டு பேரும் இப்போது நிஜமாகவே கவலைப்பட்டார்கள். எல்லாரும் நன்றாகச் செய்தார்கள்.

ரத்தினசாமி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டு விரலை மறுபடி நீட்டிப் பார்த்தார். நாற்பது வருடத்தில் முதல் முறை. ஒன்றும் ஆகவில்லை. வானம் இடியவில்லை. ஜெயித்திருந்தார்.

துண்டை எடுத்து மேசை மேல் விரித்தார். ஓரத்தை நீவி விட்டார்.

“மாப்ளே,” என்றார். “இப்ப ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. இப்பத்தான் நேர்மையான ஆட்டம். இன்னொருக்கா பாக்கலாமா?”

“எதுக்குங்க மாமா?”

“சும்மாதான். பத்திரம் நடுவுல இருக்கட்டும். ஒரு இதுக்கு.”

கோபிநாத் நாற்காலியை முன்னால் இழுத்தான்.

முருகேஸ்வரி போனை எடுத்தாள். முதல் மணியிலேயே தமிழ்ப்ரியா எடுத்தாள்.

“உங்க ஊட்டுக்காரர் நல்லா இருக்காருங்க.”

“பத்திரம்?”

“தோத்துட்டாரு.”

“ஆருகிட்டங்க அக்கா?”

“ஜெயிச்சது உங்கப்பாங்க. கோபுரமே அவருதான். கடன அடச்சுட்டாரு. அந்தப் பயம் வேண்டாம்.”

பின்னணியில் மிக்ஸி ஓடி நின்றது.

“அக்கா. அப்பா அந்தப் படத்த முழுசாப் பாத்தாருங்களா?”

“இருபத்தாறும்.”

“இப்ப அவரு என்ன பண்றாரு?”

முருகேஸ்வரி மேசையைப் பார்த்தாள். துண்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. எட்டு கடனாளிகளும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சிலுவைராஜ் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஒக்காந்திருக்காரு,” என்றாள்.

“பத்திரத்த அவருகிட்டருந்தும் வாங்கிருங்க அக்கா,” என்றாள் தமிழ்ப்ரியா. “இப்பவே வாங்குங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

முருகேஸ்வரி மேசைக்கு நடந்தாள். இடது கையில் போன். வலது கையை ரத்தினசாமியின் முன்னால் நீட்டினாள்.

“சொந்தக்காரி கேக்கறாங்க.”

ரத்தினசாமி முகமூடியைக் கழற்றினார். வியர்த்த, வயதான முகம். போனைப் பார்த்தார். அது அவரைப் பார்ப்பது போல் இருந்தது. உறையை எடுத்து நீட்டினார்.

விடவில்லை.

முருகேஸ்வரி காத்திருந்தாள். பிறகு இழுத்தாள்.